பாய்லின் ஏரியில் வாய் பிளந்த முன்னோர்கள்

தைபேயிலிருந்து பாய்லின் ஏரிக்கு நேராகப் பேருந்து விட்டிருந்தார்கள். முன்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: 'உங்கள் முன்னோர்கள் பசியோடு காத்திருக்கிறார்கள்.' பசித்தவர்களைப் பார்க்கப் போனவர்கள் வழிநெடுகத் தேயிலை நீரில் அவித்த முட்டையும் சுட்ட சாசேஜும் தின்றுகொண்டே போனார்கள்.

அது ஆவிகள் மாதம். செத்தவர்களுக்குக் கீழுலகம் விடுமுறை கொடுத்து அனுப்பும் மாதம். மற்ற ஊர்களில் ஆவிகள் யார் கண்ணிலும் படாமல் வந்து, படையலை முகர்ந்துவிட்டு, வந்த வழியே போய்விடும். பாய்லினில் மட்டும் அவை கண்ணுக்கே தெரிந்தன. விடியற்காலையில் கரையில் நின்றால் போதும். ஏரி முழுக்க மீன்கள் தலையை வெளியே நீட்டி, வாயைப் பிளந்து பிளந்து மூடும். "பாருங்க, பசிச்ச வாய். மறுபிறவி கெடைக்காத உங்க அப்பன், உங்க ஆத்தா" என்று குருநாதர் யுவான்போ கைகாட்டினார். மொட்டைத் தலை, பொன்னிற அங்கி, கையில் மைக். இந்த மூன்றும் சேர்ந்து சொன்னால் எதிர்த்துக் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

கூட்டம் அழுதது. அழுதுகொண்டே கைபேசியில் நேரலை விட்டது. ஆவியில் வெந்த மந்தோ ரொட்டிகளைக் கூடைகூடையாக ஏரியில் எறிந்தது. கோயில் முத்திரை குத்திய மந்தோவைத்தான் எறிய வேண்டும். வெளிக்கடை மந்தோ முன்னோர்களுக்குச் செரிக்காதாம். செத்த பிறகும் வயிறு அவ்வளவு பதமாக இருப்பது பெரிய விஷயம்தான்.

தெற்கே மீன்பண்ணை வைத்திருப்பவர்களும் வந்தார்கள். அவர்கள் குளத்தில் மீன் இப்படி வாய் பிளந்தால் பதறி ஓடிப்போய்க் தண்ணீருக்குக் காற்றடிக்கும் எந்திரத்தை முடுக்குவார்கள். இங்கே வந்து கைகூப்பினார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூளையையும் கூடவே கழற்றி வைத்திருப்பார்கள் போல.

முன்னோர்களின் நடவடிக்கையும் கொஞ்சம் விசித்திரம். காற்றடித்தால் வரமாட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஓய்வு என்பார் குருநாதர். வெயில் ஏறினால் கீழே போய்விடுவார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்பார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது பெய்ஷான் மட்டும்.

பெய்ஷான் பாய்லினில் பிறந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் ஏரி மீன்களை ஆராய்கிறாள். எந்த மீன் எங்கே முட்டையிடும், எந்தப் பாசி எப்போது பெருகும், தண்ணீரில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பதே அவள் பிழைப்பு. இந்தக் கோடையில் அளவுக்கருவி காட்டியதை அவள் இரண்டுமுறை சரிபார்த்தாள். மந்தோ அழுகுகிறது. அழுகல் தண்ணீரிலுள்ள காற்றைத் தின்கிறது. காற்று வீசினால் அலை கொஞ்சம் காற்றைக் கலக்கிவிடும்; வெயிலில் பாசி கொஞ்சம் திரும்பக் கொடுக்கும். காற்று வீசாத இருட்டில் இரண்டும் கிடையாது. விடியும்போது மீனுக்கு மூச்சு முட்டும், மேலே வந்து வாயைப் பிளக்கும். உடனே பக்தர்கள், ஐயோ பசி என்று இன்னும் மந்தோ எறிவார்கள். எறிய எறியப் பசி கூடும். பசி கூடக் கூட மந்தோ விற்கும். இப்படி ஒரு வியாபாரத்தை எந்த முதலாளியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

வரும் பௌர்ணமியன்று லாரிலாரியாக மந்தோவைக் கொட்டிப் பெரும்படையல் என்று அறிவித்திருந்தார்கள். அன்றைக்குக் காற்றும் இல்லாது போனால் மறுநாள் ஏரியில் ஒரு மீன்கூட மிஞ்சாது. பெய்ஷான் ஊராட்சி அலுவலகம் போனாள். தேர்தல் வருகிறது, மத உணர்வைத் தொடாதீர்கள் என்று தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். கோயில் குழுத்தலைவரிடம் போனாள். செத்தவர்களைக் கருவியால் அளக்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார்.

கடைசியில் அக்காவிடம் போனாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. பெய்லிங் அக்கா காற்றில்லாத விடியல் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. தாமரைத் தண்டருகே வரும், உதடு கிழிந்த ஒரு கெண்டையை, போன குளிர்காலத்தில் செத்துப்போன அம்மா என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

"அக்கா, அது மூச்சுக்குத் தவிக்குது. பசி இல்ல."

"நீ ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தியாடி? நான்தானே இருந்தேன். கடைசியா அம்மா கஞ்சி கேட்டாங்க. டாக்டர் கூடாதுன்னாரு. நானும் குடுக்கல. பசியோடயே போயிட்டாங்க. இப்ப வாயத் தொறந்து கேக்குறாங்க, இப்பவும் குடுக்காதங்கிறியா?"

எந்தக் கருவியிலும் இதற்கு அளவு இல்லை. அந்தக் கஞ்சியை வைத்துக் காசு பார்க்கிறானே என்று யுவான்போமேல் பெய்ஷானுக்கு எரிந்தது.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு குருநாதரிடம் பணிவாகப் போனாள். சக்கர நாற்காலியில் வரும் கிழவர்கள் கரைவரை இறங்க முடியவில்லை; பௌர்ணமியன்று முன்னோர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் கோயில் முற்றத்துக்கே கொண்டுவரலாமே என்றாள். குருநாதரின் முகம் மலர்ந்தது. கிட்டத்தில் நின்று தரிசனம், தனிச்சீட்டு. டாக்டரம்மாவுக்குத் தாமதமாகவாவது ஞானம் வந்ததே என்று மெச்சினார்.

பௌர்ணமி விடியல். ஓர் இலைகூட அசையவில்லை. முற்றத்தில் ஏரித் தண்ணீரோடு இரண்டு பெரிய தொட்டிகள், இரண்டிலும் நிறைய மீன்கள். எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. குருநாதர் ஓதினார். கூட்டம் விம்மியது. பின்னால் மந்தோ லாரிகள் வரிசையாக நின்றன.

"சாமி, உங்க குரலுக்குத்தான வர்றாங்க?" என்று பெய்ஷான் மைக்கில் கேட்டாள்.

"வேற யாரு குரலுக்கு வருவாங்க, பிள்ளே?"

அவள் கறிக்கடை ஆ-தாவை அழைத்தாள். ஊரறிந்த வாயாடி. மந்திரம் எதுவும் வேண்டாம், கடையில் கூவுவதைக் கூவு என்றாள். அவன் தொட்டி முன்னால் நின்று பன்றிக்கால் இன்றைக்கு மலிவு, விலாக்கறி கொழுப்பில்லாதது என்று தொண்டை கிழியக் கூவினான். மீன்கள் அதே பக்தியோடு வாய் பிளந்தன. எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது. குருநாதர் அசரவில்லை. உயிரோடிருந்தபோது கறி தின்றவர்கள்தானே, ஆசை இருக்காதா என்றார். அதற்கும் கூட்டம் தலையாட்டியது. ஆட்டுவதற்கென்றே வளர்த்த தலைகள்.

பெய்ஷான் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை எடுத்து ஒரு தொட்டியில் விட்டாள். குமிழி கிளம்பியது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரத்தில் அந்தத் தொட்டி மீன்கள் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கி வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக நீந்தின. பக்கத்துத் தொட்டி இன்னும் வாய் பிளந்தபடியே இருந்தது.

"மோட்சம் அடைஞ்சுட்டாங்க" என்றார் குருநாதர் சட்டென்று. முரசு முழங்கியது. சிலர் விழுந்து கும்பிட்டார்கள்.

அவள் அந்தப் பம்பைக் கழற்றி அடுத்த தொட்டியில் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றாள். முரசு அடிப்பவர்களின் கை ஓய்ந்தது. அந்தத் தொட்டிக்காரர்கள் மோட்சத்துக்கு இறங்க, முதல் தொட்டிக்காரர்கள் மோட்சத்திலிருந்து மேலேறி மறுபடி வாய் பிளந்தார்கள்.

"போனவங்க திரும்பி வந்துட்டாங்களே சாமி. அங்க எடம் இல்லன்னுட்டாங்களா?" என்றான் ஆ-தாவ்.

இந்தமுறை முற்றமே சிரித்தது. குருநாதரின் மொட்டையில் வியர்வை வழிந்தது. மந்திரம் கலக்காத எந்திரம், அதனால்தான் மோட்சம் நிலைக்கவில்லை, தீட்டுப் பிடித்த பொருள், தூக்கி எறியுங்கள் என்று சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற சிஷ்யை, சமையல்கட்டைக் கவனிக்கிற அப்பாவிப் பெண், குழம்பிப்போய்ச் சொன்னாள்.

"சாமி, நம்ம வீட்டுக் கொளத்துல ஓடுற அதே பம்புதானே இது? அதுவும் தீட்டா? கரண்டு போனாக்கூட அத நிறுத்தக் கூடாதுன்னு பேட்டரி வெச்சீங்களே."

கூட்டம் அவரிடம் விளக்கம் கேட்டு நிற்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குத் திரண்டு போய்க் கதவைத் தள்ளியது. உள்ளே பளிங்குக் குளம். சிவப்பும் பொன்னுமாய்க் கொழுத்த அழகுமீன்கள். நான்கு மூலையிலும் பம்பு குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு மீன்கூட வாய் பிளக்கவில்லை. ஒரு மந்தோத் துணுக்குகூட மிதக்கவில்லை. 'ரொட்டி போடாதீர்கள், தண்ணீர் கெடும்' என்று அவர் கைப்பட எழுதிய பலகை மட்டும் தொங்கியது.

ஒரு கிழவி அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு, பின்னாலேயே ஓடிவந்திருந்த குருநாதரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டா, உன் குளத்துல மட்டும் யாரோட அப்பனும் இல்லையாடா?"

அவர் பொன்னங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி ஓடினார். மோட்சத்துக்கு வழி தெரிந்தவருக்குக் கூட்டத்திலிருந்து வெளியேற வழி தெரியவில்லை. ஆ-தாவும் சில பேரும் பிடித்து உட்காரவைத்துப் போலீசுக்குச் சொன்னார்கள்.

முற்றத்தில் பெய்லிங் அக்கா தொட்டிகளைவிட்டு நகரவே இல்லை. கையில் மந்தோப் பை. பெய்ஷான் தன் பையில் வைத்திருந்த இன்னொரு பம்பையும் எடுத்து, வாய் பிளந்த தொட்டியில் போட்டாள். அக்கா அந்த மீன்கள் ஒவ்வொன்றாய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப நான் போட்டதெல்லாம்?"

"அழுகிடுச்சுக்கா. அதுதான் இதுங்க கழுத்த நெரிக்குது."

"அம்மா?"

"அம்மா செத்துட்டாங்கக்கா. அவங்களுக்கு இனிமே பசிக்காது. கஞ்சி குடுக்காதது உன் தப்பு இல்ல."

அக்கா வாய்விட்டு அழுதாள். குளிர்காலத்தில் அழாமல் வைத்திருந்த அழுகை அது. அழுது முடித்து, பையிலிருந்து ஒரு மந்தோவை எடுத்தாள். எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். அவள் அதைப் பிட்டுத் தன் வாயில் போட்டு மென்றாள். பிறகு லாரியிடம் போய்க் கூடையை இறக்கி, சக்கர நாற்காலிக் கிழவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள். விடியலிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் மறுபேச்சில்லாமல் தின்றார்கள். அன்றைக்கு ஏரிக்குள் ஒரு துணுக்கும் விழவில்லை.

ஒரே ஒரு பெரியவர் மட்டும் பெய்ஷான் பக்கத்தில் வந்து, அந்தப் பம்புக்கு எந்தக் கிழமை ஊதுவத்தி ஏற்றினால் விசேஷம் என்று மெதுவாக விசாரித்தார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயா, மீனுக்கு மூச்சு முட்டினா நான் பம்பு வெச்சுடுவேன். உங்க மூளைக்கு மூச்சு முட்டினா நீங்கதான் யோசிச்சு யோசிச்சுக் காத்து அடிச்சுக்கணும். அதுக்குக் கடையில பம்பு விக்கல."