பதினேழே கால் அந்தர் குறைந்த ஏர்கண்டிஷன்

கீரமங்கலம்,
8-5-1961

பெருமதிப்பிற்குரிய மாமா பக்கீர் மைதீன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் மகன் ஹாஜா முகைதீன் பணிவுடன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே அத்தா, அம்மா, தங்கச்சி பரக்கத் நிஷா, நான் ஆகிய நால்வரும் சுகம். இந்தச் "சுகம்" என்ற வார்த்தையை எழுதுகிற யோக்கியதை எங்களுக்கு நேற்று மாலை நாலரை மணிக்குத்தான் வந்தது. பினாங்கில் தாங்களும் மாமியும் பிள்ளைகளும் குறைவின்றி இருக்க துஆச் செய்கிறோம். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கச்சியின் நிக்காஹ் நிற்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த இரண்டாம் ஞாயிறு குறித்தபடி நடக்கும். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு எழுதுவதைத் தாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் படிக்க முடியும். நிற்க இருந்தது. அதற்குக் காரணம் தாங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், தாங்கள் அனுப்பிய சீர் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு என் சீராக ஒரு டன் ஏர்கண்டிஷன் கப்பலில் வருகிறது, கிட்டத்தட்டப் புதுசு" என்று தாங்கள் எழுதிய கடிதத்தை அத்தா நிச்சயதார்த்தத்தன்று சபை நடுவே, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்துவிட்டார்கள். நான் மெட்ராஸில் கம்பெனி வேலையில் இருந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் அந்தத் தாளைப் பிடுங்கியிருப்பேன். ஏனென்றால் மாப்பிள்ளையின் அத்தா ஜைனுதீன் ராவுத்தர் புதுக்கோட்டை கீழராஜவீதியில் பழைய இரும்பு வியாபாரி. நாற்பது வருஷமாக டன், அந்தர், ராத்தல் என்றே மூச்சு விடுகிறவர். அவர் காதில் "ஒரு டன்" விழுந்தால் இருபது அந்தர் இரும்பு விழுந்த மாதிரிதானே? மனிதர் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, மாடி அறை ஜன்னல் சுவரை இடித்து, இரண்டு தண்டவாளத் துண்டைக் குறுக்கே போட்டுக் கட்டிவிட்டார். "ஒரு டன் உக்காரப் போற எடம்" என்று கடைவீதி முழுக்கக் கூட்டிவந்து காட்டியும் விட்டார். நாகப்பட்டினத்திலிருந்து லாரி வந்த அன்று எட்டு ஆள், முக்காலி, சங்கிலிக் கப்பி, வேடிக்கை பார்க்க ஒரு பஸ் கொள்ளுகிற கூட்டம். லாரிக் கதவைத் திறந்தால் மூலையில் ஒரே ஒரு மரப்பெட்டி. சுமைக்காரர்களின் மேஸ்திரி சேவுகன் ஏறிப் பார்த்தான், லாரிக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் தேடினான், இறங்கினான்.

"மொதலாளி, பாக்கிச் சாமான் எந்த லாரில வருது?"

"பாக்கியா? அம்புட்டையும் எறக்குடா."

"அம்புட்டும் இம்புட்டுத்தாங்க மொதலாளி. இதுக்குக் கப்பி எதுக்கு, ஒரு சும்மாடு போதுமே."

சொன்னதோடு நிற்காமல் அவனும் இன்னும் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கியும் காட்டினார்கள். மீதி ஐந்து பேர் கப்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கூட்டமும் சிரித்தது. ராவுத்தர் சிரிக்கவில்லை. "மாடிக்கு வேண்டாம், தராசுக்குக் கொண்டு போ" என்றார். எடை இரண்டே முக்கால் அந்தர், மரச்சட்டத்தோடு சேர்த்து.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எடைச்சீட்டோடு கீரமங்கலம் வந்து இறங்கிவிட்டார். மிஷினை மாட்டிக்கொடுப்பதற்காக நானும் லீவு போட்டுவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தேன். அம்மா வைத்த டீயை ராவுத்தர் தொடவில்லை.

"மச்சான், இருவது அந்தர் ஒரு டன். வந்தது ரெண்டே முக்கால். பாக்கி பதினேழே கால் அந்தர் எங்கிட்டுப் போச்சு?"

அத்தா கப்பல்காரர்கள்மேல் பழியைப் போட்டார்கள். "எறக்கையில எவனாச்சும் களவாண்டிருப்பான் மச்சான். இந்தா இப்பவே தொறமுகத்துக்குப் பெட்டிசன் எழுதுறேன்" என்று தாளையே எடுத்துவிட்டார்கள். நான் குறுக்கே விழுந்து சொன்னேன்: "யாரும் களவாடவில்லை. ஏர்கண்டிஷனில் டன் என்றால் மிஷினின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு குளிர் கிடைக்குமோ, அவ்வளவு குளிரை அதே நேரத்தில் கொடுக்கிற மிஷினுக்கு ஒரு டன் என்று பெயர்." எல்.எம்.இ. இன்ஜினீயர் பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். ராவுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஐஸ் எங்க?" என்றார்.

"ஐஸ் கிடையாதுங்க. ஐஸ் குடுக்கிற குளிருதான்."

"குளிரத் தராசுல வைக்க முடியுமா தம்பி?"

"முடியாது."

"தராசுல வைக்க முடியாத சரக்க டன் கணக்குல சொன்னது யாரு? ஒங்க மாமாதான? எடையில வெளையாடுற வீட்டுல சம்பந்தம் வச்சா நாளைக்கு என் கடைத் தராச எவன் நம்புவான்? கணக்கு நேராகட்டும், அப்பறம் நிக்காஹ் பேசுவோம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மா அழ ஆரம்பித்தார்கள். பரக்கத் நிஷா அழவில்லை. அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அண்ணே, நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா கப்பக்காரன் திருடுனதாவே போயிருக்கும்ல. படிச்சவன்னு ஒன்னய எவன் கூப்பிட்டது?" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளைப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது மாமா. அவள் சொல்லவில்லை, சோற்றுத்தட்டு சொன்னது.

நேற்று நான் புதுக்கோட்டை போய், "மிஷினைப் பார்க்க வேண்டும், என்ன வயது, என்ன சக்தி என்று எழுதிக் கொடுக்கிறேன்" என்று ராவுத்தரிடம் நேராகவே சொன்னேன். பார், என்றார். பழைய மிஷினுக்கு வயது கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். தாங்கள் அதன்மேலும் சேர்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தீர்கள். அந்தக் காரியத்தை எந்தப் புத்தியில் செய்தீர்கள் என்று இங்கே கேட்கவில்லை. மண்ணெண்ணெய் தொட்டு, பிளேடால் சுரண்டினேன். நம்பர் நாற்பத்தெட்டு என்று ஆரம்பித்தது. கீழே பேடண்ட் வாங்கிய தேதிகள் வரிசையாக இருந்தன, கடைசி தேதி 1947. ஆக மிஷின் நாற்பத்தெட்டில் செய்தது, வயது பதின்மூன்று. இதைத்தான் "கிட்டத்தட்டப் புதுசு" என்று எழுதினீர்கள். சக்தி இருந்த இடத்தில் டன் என்ற வார்த்தையே இல்லை, அந்தக் காலத்து மிஷினில் இருக்காது. குதிரைச் சக்தி முக்கால் என்று போட்டிருந்தது. ஒரு குதிரைக்கு ஏறக்குறைய ஒரு டன் குளிர் என்பது கணக்கு. உள்ளே கழற்றிப் பார்த்திருக்கலாம், திருகாணி நாலும் துருவேறி இறுகியிருந்தன, தகடே எல்லாம் சொல்லிவிட்ட பிறகு எனக்கு அந்த மெனக்கெடல் தேவைப்படவில்லை. சேவுகனையும் ஆட்களையும் வைத்து ஜன்னலில் ஏற்றி ஓட்டினேன். தொண்ணூற்றெட்டு டிகிரி இருந்த அறை அரை மணியில் எழுபத்தெட்டுக்கு வந்தது. முக்காலுக்கு இது சற்று அதிகம்தான், அறை சிறியது என்று விட்டுவிட்டேன்.

ராவுத்தர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி போட்டிருக்கு?"

"முக்கால் குதிரைங்க."

"டன் போயி இப்பக் குதிரை வந்திருச்சா? அதுவும் முழுக் குதிரை இல்லையா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமாவைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் வரத்தான் செய்தது, வாய் அதற்குள் முந்திக்கொண்டது. "ஐயா, எங்க மாமா சொன்ன ஒரு டன் எடையிலயும் இல்ல, குளிருலயும் இல்ல. இது முக்கால் டன். புதுசும் இல்ல, பதிமூணு வருசப் பழசு. பழசுக்குக் கொஞ்சம் தள்ளி அரை டன்னுன்னே வச்சுக்கங்க. அதுக்கு மேல ஒரு இம்மி சொன்னாலும் பொய்யி" என்றேன். சொன்ன பிறகுதான் தங்கச்சி முகம் ஞாபகம் வந்தது.

ராவுத்தர் என்னை உற்றுப் பார்த்தார். "தள்ளியா? நீயா தள்ளுன? நான் கேக்காமயே?" என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். "கழிவு சொல்லிட்டான்! டேய் சேவுகா, கேட்டியா, பொண்ணு வீட்டுக்காரன் தன் வாயால கழிவு சொல்லிட்டான்!"

பழைய இரும்புக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டாம், எனக்கு நேற்றுத்தான் தெரியும். இரும்பு கொண்டு வருகிறவன் துருவுக்கு இவ்வளவு கழித்துக்கொள் என்று தானே சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. பிறகு வாங்குகிறவன் தராசைத் தொடக்கூடாது, குறை சொல்லக்கூடாது, பின்வாங்கவும் கூடாது. "நாப்பது வருசத்துல கேக்காமக் கழிவு சொன்னவன் நாலு பேரு தேற மாட்டான் தம்பி. ஒங்க மாமன் வாய எவன் பாத்தான்? ஒங்க வீட்டுல ஒன்ன மாதிரி ஒரு வாய் இருக்குல்ல, எனக்கு அது போதும்." அப்போது மணி நாலரை. அந்த மிஷின் காற்றிலேயே உட்கார்ந்து மூன்று பேரும் டீ குடித்தோம். சேவுகனுக்குத்தான் குளிர் ஆகவில்லை, வெளியே போய் நின்று குடித்தான். கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்து சொன்னேன், அம்மா மறுபடி அழுதார்கள், இந்தத் தடவை நான் ஆட்சேபிக்கவில்லை. பரக்கத் நிஷா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆகையால் மாமா, ஒரு வேண்டுகோள். இனி எதை அனுப்பினாலும் அதன் வயதையும் சக்தியையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். இந்தத் தடவை என் உண்மை தங்கள் சீரைக் காப்பாற்றியது, ஒவ்வொரு தடவையும் நான் லீவு போட முடியாது.

மாமிக்கு அம்மாவின் சலாம், பிள்ளைகளுக்கு அத்தாவின் துஆ, தங்களுக்கு எல்லோருடைய சலாமும். நிக்காஹுக்கு அவசியம் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
ஹா. முகைதீன், எல்.எம்.இ.

பி.கு.: 10-5-61. உறையை ஒட்டிய பிறகு, நேற்று, தங்கள் கடிதம் வந்தது. புது மிஷினின் மேல்கூடு கப்பலில் ஏற்றும்போது நசுங்கிவிட்டதால், கடையில் கிடந்த அதே கம்பெனிப் பழைய மிஷினின் கூட்டைக் கழற்றி மாட்டி, பெயிண்ட் அடித்து அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே புதுக்கோட்டை போய், சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லித் திருகாணிகளை நெம்பித் திறந்தேன். உள்ளே இருந்த தகட்டில் 1960, முழுதாக ஒரு டன். மேலே தங்களைத் திட்டியதெல்லாம் வாபஸ், வேறு ஏர்மெயில் தாள் இல்லாததால் கிழிக்கவில்லை. ராவுத்தரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பரக்கத் நிஷா, "அண்ணே, அந்தக் கழிவு பொய்யின்னு ஆச்சுன்னா என் கல்யாணமும் போச்சு. ஒன் வாய நான் தச்சுப்பிடுவேன்" என்கிறாள். எனவே தாங்கள் நிக்காஹுக்கு வரும்போது ராவுத்தர் கேட்டால், மிஷின் பதின்மூன்று வருஷப் பழசு, முக்கால்தான் என்று தாங்களே சொல்லிவிட வேண்டும், தயவுசெய்து. யாரும் திறந்து பார்க்காதபடி, இன்று மறுபடி புதுக்கோட்டை போய், நாலு திருகாணிகளின் தலைகளையும் என் கையாலேயே பற்றவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.