சிவப்புக் கயிறு

எந்த வரைபடத்திலும் அகப்படாத கல்மேட்டு நாட்டில், குற்றங்களைக் கயிற்றில் முடிந்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு திருட்டுக்கு ஒரு முடிச்சு, ஓர் அடிதடிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் ஒரு சாண். அறுவடை முடிந்ததும் ஒரு நாள் அந்தக் கயிற்றை அரண்மனை வாசலிலிருந்து கடைத்தெரு நெடுக நீட்டுவார்கள். அது போகிற தூரத்தை வைத்து, நாடு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எழுதப்படிக்கத் தெரியாதவனும் தெரிந்துகொள்வான்.

முடிச்சுப் போடும் உரிமை ஏழு தலைமுறையாகத் தீத்தாரப்பர் குடும்பத்துக்கே இருந்தது. அவருடைய பாட்டனார், சொந்தத் தம்பி மாடு திருடியதற்கே முடிச்சுப் போட்டவர். அந்தக் கதையைத் தீத்தாரப்பர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இரண்டாம் முறை வந்தவர்களிடமும் சொல்வார். "எங்க வீட்டுக் கை பொய் முடிச்சுப் போட்டதில்லை" என்று முடிப்பார்.

அந்த நாட்டில் அரசரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் அதே அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நெருங்கிய சமயம் அது. வெள்ளத்தில் ஊரை இழந்து ஆற்றைக் கடந்து வந்து குடிசை போட்டிருந்த அக்கரையாரால் திருட்டு பெருகிவிட்டதென்று அரசர் மேடைக்கு மேடை கண்கலங்கினார்.

ஆனால் போன ஆண்டு எண்ணெய்ச் செக்கு வரை போன கயிறு, அந்த ஆண்டு பூக்கடையோடு நின்றுவிட்டது. கூட்டம் கயிற்றின் நுனியைப் பார்த்தது. பிறகு அரசரைப் பார்த்தது. அரசர் தலைமை அமைச்சர் நாவரசரைப் பார்த்தார்.

மறுநாள் அமைச்சர் தீத்தாரப்பரை அழைத்து ஆசனம் கொடுத்தார்.

"பெரியவரே, கயிறு குட்டையாயிருச்சே. வெயில்ல சுருங்கியிருக்குமோ?"

தீத்தாரப்பர் முதுகை நிமிர்த்தினார். "கயிறு சுருங்கலை. குற்றம்தான் குறைஞ்சிருக்கு. நூறு பேருக்கு இத்தனைன்னு பார்த்தா, அக்கரையார் செஞ்சது நம்ம ஆளுங்க செஞ்சதுல பாதிகூட இல்லை."

"அதை எப்படிங்க நம்புறது? எல்லா முடிச்சும் ஒரே வெள்ளையால்ல இருக்கு?"

"என் வார்த்தை போதாதா?"

"எனக்குப் போதும். ஊருக்குப் போதணுமே."

ஏழு தலைமுறையில் அந்த வாசலில் யாரும் கேட்காத கேள்வி. தீத்தாரப்பருக்கு முகம் சிவந்தது. "அப்படின்னா பிரிச்சே காட்டுறேன்" என்று எழுந்தார். பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நம்மவர் குற்றத்துக்கு வெள்ளை, அக்கரையார் குற்றத்துக்குச் சிவப்பு என்று இரண்டு கயிறுகள் வாங்கிவந்து, அந்த ஆண்டின் முடிச்சுகளை மறுபடி போட உட்கார்ந்தார். கூட இருந்து கற்றுத் தேர்ந்த மகன் கூத்தன் கேட்டான்.

"அப்பா, முடிச்சுல ஊர் பார்க்கிற வழக்கம் நம்மகிட்ட இல்லையே?"

"நம்ம வார்த்தையைச் சந்தேகப்பட்டுட்டாங்கடா. வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடி."

வெள்ளைக் கயிறு கடைத்தெருவில் பாதி தூரம் போனது. சிவப்புக் கயிற்றில் பதினோரு முடிச்சுகள். ஒரு வாசலுக்குக்கூடக் காணாது. இரண்டையும் அமைச்சர் முன்னால் வைத்தார். அமைச்சர் சிவப்பை மட்டும் கையில் எடுத்தார். "அற்புதம்" என்றார்.

அன்றே முதல் ஆணை வந்தது. குடிமக்களின் மானத்தைக் காக்கும் பொருட்டு வெள்ளைக் கயிறு கருவூலத்தில் வைத்துப் பூட்டப்படும். சிவப்புக் கயிறு மட்டும் வெள்ளிதோறும் வண்டியில் ஊர்வலம் போகும். முடிச்சுக்கு முடிச்சு முரசறைந்து கதை சொல்லப்படும். அப்படியே நடந்தது. ஒரே ஆடு வாரந்தோறும் திருடு போனது. கேட்டவர்கள் ஒவ்வொரு வாரமும் அதை வேறு ஆடு என்றே எண்ணிக்கொண்டார்கள்.

அரசர் தேர்தலில் வென்றார். ஊர்வலம் நிற்கவில்லை.

இரண்டாம் ஆணைப்படி அக்கரையார் மூவர் சேர்ந்து நின்றால் ஒரு முடிச்சு. காவலரைக் கண்டு ஓடினால் ஒரு முடிச்சு. நூறு முடிச்சு விழுந்தால் அத்தனை பேரும் ஆற்றைக் கடக்க வேண்டும். காவலரெல்லாம் குடிசைப் பக்கமே நின்றதால் கடைத்தெருவில் கன்னம் வைத்தவர்களைப் பிடிக்க ஆளில்லை. பூட்டிய அறைக்குள் வெள்ளைக் கயிறு வளர்ந்தது.

துணி வெளுத்துப் பிழைக்கும் அக்கரைப் பெண் பொன்னுருவி ஒரு நாள் தீத்தாரப்பர் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு ஓடினது நெசந்தான். நாய் துரத்துச்சு, ஓடினாரு. காவக்காரரு குறுக்க நின்னாரு. அதுக்கொரு முடிச்சு. உங்க கை பொய் முடியாதாமே? அப்ப அது குத்தமாங்க?"

"சட்டம் அப்படிச் சொல்லுது தாயி."

"சட்டம் சொல்றது இருக்கட்டும். நான் உங்களைக் கேட்டேன்."

அடுத்த வெள்ளியன்று தீத்தாரப்பர் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் ஊர்வல வண்டிக்கு முன்னால் நின்றார்.

"வெள்ளைக் கயிறு செக்கடியைத் தாண்டிருச்சு! உங்க வீட்டுல திருடுறவன் உங்க தெருவுலதான் இருக்கான். அதைத்தான் பூட்டி வெச்சிருக்காங்க!"

"பெருசுக்கு அக்கரையில பொண்ணு பார்த்திருக்காங்க போல!" என்று ஒருவன் கத்தினான். தெருவே சிரித்தது. முரசு மறுபடி ஒலித்தது. ஆடு திருடு போயிற்று.

மூன்றாம் ஆணை மறுநாளே எழுதப்பட்டது. அரசு அதிகாரி பொதுவில் பேசுவது குற்றம். முந்தின நாள் பேசியதற்கும் அது செல்லும்.

"எந்தக் கயித்துல போடுறது?" என்று அரசர் கேட்டார்.

அமைச்சர் யோசித்தார். "இந்த மண்ணுல பொறந்தவன் இப்படிப் பேச மாட்டான் அரசே. அப்ப இவரு இந்த மண்ணுல பொறந்தவரா இருக்க முடியாது."

தீத்தாரப்பர் கலங்கவில்லை. "முடியப்போறது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"உரிமை உங்க வீட்டுக்குத்தானே? அதுல நாங்க கை வைப்போமா?"

கூத்தன் சிவப்புக் கயிற்றோடு வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொய் முடிச்சுடா அது."

"நீங்க பேசினது நெசந்தானேப்பா? பேசினாக் குத்தம்னு சட்டம் சொல்லுது."

அது நூறாவது முடிச்சு. படகுகள் தயாராக இருந்தன. அக்கரையில் ஊர் இல்லை, நீர்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி ஆணையில் எதுவும் இல்லை. பொன்னுருவி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். படகில் கால் வைக்கும் முன், கரையில் எல்லோரும் பார்க்க நீட்டியிருந்த கயிற்றருகே தீத்தாரப்பர் ஒரு கணம் நின்றார். பழக்கதோஷத்தில் கடைசி முடிச்சைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார்.

நல்ல இறுக்கமாகத்தான் போட்டிருந்தான்.