கதவுக்கு வெளியே ஒரு வித்வான்

"பாய், கொஞ்சம் பின்னால போங்க."

"போயிட்டேண்ணே."

"இன்னும் கொஞ்சம்லா."

"முதுகுல கதவு இடிக்குதுண்ணே."

"அதத் திறந்துட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. கதவைச் சாத்திக்கலாம். ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லண்ணே."

இந்த உரையாடல் நடந்த நிமிடத்தில்தான் பினாங்குத் தீவு நாகரிக உலகத்துக்குள் காலடி வைத்தது என்பது என் துணிபு. பின்னால் போகச் சொன்னவர் கிராமபோன் கம்பெனி ஏஜெண்ட் நல்லமுத்து. போனவர் அலாவுதீன். ஒரு மணிலாக்காரர் நடத்திய ஜாஸ் கோஷ்டியில், 'டபிள் பேஸ்' என்னும் ஆளை விட உயரமான பிடிலை வாசித்தவர். பக்கத்தில் நின்றவன் நான். பினாங்கு நவீன சங்கீத அபிமானிகள் சங்கத்தின் கௌரவக் காரியதரிசி.

காரணம் முழுக்க முழுக்க விஞ்ஞானம். பினாங்கு ரோட்டு மாடியறை ஒன்றில் பெரிய குழாய் ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் வாய்க்கு முன்னால் கோஷ்டி நெருக்கியடித்து வாசிக்கும். மறுமுனையில் ஓர் ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். அலாவுதீன் தந்தியைச் சுண்டினால் ஊசி துள்ளிக் கோடு தவறிவிடும். புதிதாக மின்சார இயந்திரம் வந்திருக்கிறதாமே என்று பதிவு செய்ய வந்த துரையிடம் கேட்டேன். அது சிங்கப்பூருக்கு என்றார்; பினாங்குக்கு இதுவே அதிகமாம். நம் ஊரின் தகுதியை இவ்வளவு துல்லியமாக அளந்தவரை நான் அதுவரை சந்தித்ததில்லை.

ஆனால் கம்பெனி நன்றி மறந்ததில்லை. விளம்பரப் படம் எடுக்கும்போது முன்வரிசையில், நட்டநடுவில் அலாவுதீன்தான். பெரிய பிடில் இல்லாத படத்தைப் பார்த்து யார் இசைத்தட்டு வாங்குவார்கள்? வாசிக்கும்போது வெளியே, படத்தில் உள்ளே. கலைஞனுக்கு 'உரிய இடம்' தருவது என்றால் இதுதான்.

ஒவ்வொரு தட்டு வெளிவந்ததும் எங்கள் சங்கம் கூடிக் கேட்கும். மூன்றாவது தட்டில், ஓரிடத்தில், 'டும்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு நாதம் எழுந்தது. தலைவர் அப்துல் ரசாக் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"கேட்டீங்களா? அதான் நம்ம அலாவுதீன்!"

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வெள்ளிப் பதக்கம் அவர் கோட்டில் குத்தப்பட்டது. நாலாவது தட்டில் 'டும்ம்ம்' இரண்டு தடவை வந்தது. கலைஞரின் வளர்ச்சி எங்களைப் பிரமிக்க வைத்தது.

அலாவுதீனின் மனைவி சுலைஹா மட்டும் அவர் வாசித்து நேரில் கேட்டதே இல்லை. கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டு மாடிப்படி குறுகல்; பிடில் ஏறாது. அது கோஷ்டி வாசித்த படக்கொட்டகையிலேயே குடியிருந்தது. கொட்டகைக்கும் ஓட்டல் நடனத்துக்கும் அந்த வீட்டுப் பெண்கள் போவதில்லை. ஆகவே தட்டு ஒன்றே வழி.

"கேட்டுச்சா புள்ள?" என்பாராம் அலாவுதீன்.

"நல்லாக் கேட்டுச்சு மச்சான். டும்முன்னு வருதுல்ல?" என்பாளாம் அவள், சன்னலைப் பார்த்துக்கொண்டு. அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொள்வாராம்.

எட்டாவது தட்டைப் பதிவு செய்யும் நாள் வந்தது. அதுதான் கடைசி, துரை மறுநாள் கப்பலேறுகிறார், இயந்திரம் இனி பினாங்குக்கு வராது. அன்று காலை அலாவுதீன் என் காதோரம் சொன்னார்: "காரியதரிசி, ஒரு தட்டுலயாச்சும் அவ என்னைக் கேட்டுடணும்."

ஏழு தட்டு போதவில்லை! கலைஞர்களின் பேராசைக்கு அளவே கிடையாது.

வழக்கம்போல அவர் வராந்தாவுக்குப் போனார். கதவு திறந்துகொள்ளாமல் வெளியிலிருந்து சாத்திப் பிடிக்கும் கௌரவம் எனக்கு. தொடங்கும் நேரத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு அடுக்கோடு படியேறி வந்தாள் சுலைஹா. பேசக்கூடாது என்று சைகை காட்டினேன். அலாவுதீன் கண்ணை மூடிச் சுண்ட ஆரம்பித்துவிட்டார். பலகைத் தரை அதிர்ந்தது. அவள் கையிலிருந்த அடுக்கின் மூடி கிணுகிணுத்தது; அதை அவள் விரலால் அழுத்தி அடக்கினாள். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். சமையல் புகையாக இருக்கலாம்.

முடிந்ததும் நல்லமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், பின்னாலேயே பதிவைப் பார்க்க வந்திருந்த தலைவரும்.

"பிரமாதம் பாய்! இந்தத் தடவை டும்ம்முன்னு குழாய் வரைக்கும் வந்துச்சு!"

தலைவர் கை தட்டினார். நானும் தட்டினேன்.

"அது டிராம்ண்ணே," என்றாள் சுலைஹா.

கைதட்டல் பாதியில் நின்றது.

"ஆயர் ஈத்தாமுக்குப் போற டிராம். இந்த ரோட்டு முனையில திரும்புறப்ப அப்படித்தான் உறுமும். எங்க வீட்டுச் சன்னலுக்குக் கீழதான் தெனமும் போகுது, எனக்குத் தெரியாதா? மூணாவது தட்டுலேருந்து நீங்க கை தட்டுறது அதுக்குத்தான்."

அலாவுதீன் அவளைப் பார்த்தார். "தெரியுமா உனக்கு? ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க ஏன் மச்சான் சொல்லல?"

தலைவர் தொண்டையைச் செருமினார். தீர்மானம் ஒருமனதானது, அதைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடமில்லை என்று விளக்கினார். நானும் அதை வழிமொழிந்தேன். உண்மைக்காகச் சங்கத்தின் விதிகளை மீற முடியுமா?

நல்லமுத்து நிலைமையைச் சமாளித்தார். "துரைகிட்ட இன்னும் ஒரு மெழுகு மிச்சம் இருக்கு. இன்னொரு வாட்டி எடுத்துடலாம்லா. பாய், அப்படியே கதவுக்கு வெளிய நில்லுங்க. ஏதாச்சும் சொல்லணுமா?"

அலாவுதீன் கோட்டிலிருந்த பதக்கத்தைக் கழற்றினார். கதவைப் பிடித்திருந்த என் கையை மெல்ல எடுத்து, அதில் வைத்தார்.

"சொல்லணும்ண்ணே. இத டிராமுக்குக் குத்திட்டு, என்னை உள்ள விடுங்க."