ஒரு பேரன், இரண்டு பாந்தெலிஸ்

"அக்ரோன்னு ஒரு புனிதர் இருக்காரா? இருந்தா காட்டுங்க சம்பந்தி, நானே மெழுகுவத்தி ஏத்திக் கும்பிடறேன்!"

பாந்தெலிஸ் மேஜையைத் தட்டிக் கேட்டார். அக்ரோன் வாயில் போட்ட மீன் துண்டை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

கிரேக்க நாட்டு வோலோஸ் ஊரில் பாதி வீட்டுச் சுவர் அக்ரோன் பூசியதுதான். அல்பேனியாவிலிருந்து எல்லை தாண்டி வந்து இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒரே மகன் எந்த்ரி, இந்த ஊர்ப் பெண் ஃபோதினியைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். அவளுக்கு இப்போது நிறைமாதம். பிறக்கப்போவது பையன் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அது இங்கே கல்லில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்துக்குத்தான் ஃபோதினியின் அப்பா பாந்தெலிஸ் குறுக்கே படுத்துக்கொண்டார்.

"ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பேரு வேணும். பேசாம என் பேரையே வச்சிடலாம். பாந்தெலிஸ்! சொல்றப்பவே வாய் மணக்குது பாருங்க."

பாந்தெலிஸ் தன்னை எல்லையோரத்து எப்பிரஸ் மலைக்காரர் என்று சொல்லி மார்தட்டுவார். பேச்சிலும் மலைப்பக்கத்துக் கரடுமுரடு உண்டு. அவரிடம் வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை.

அக்ரோனுக்கு மனசு ஆறவில்லை. இந்த ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'மேஸ்திரி'. தன் பெயரை இன்னொரு உயிர் சுமக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது ஒரு குற்றமா?

வருஷக்கணக்காக இழுத்தடித்த குடியுரிமை அந்த வாரம் கிடைத்தது. அலுவலகப் பெண் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னாள்.

"பிரமாணம் எடுக்கறதுக்கு முன்னாடி, வேணும்னா கிரேக்கப் பேரா மாத்திக்கலாம். நிறைய பேர் மாத்திக்கறாங்க. ஒரு வாரத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

அக்ரோனின் மூளையில் சட்டென்று வெளிச்சம் அடித்தது. தானே ஒரு புனிதர் பெயருக்கு மாறிவிட்டால்? பேரனுக்குத் தாத்தா பெயர். சம்பந்தி வாய்க்குப் பூட்டு!

மனைவி மிமோசா மாவு தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "பேரன் உங்க பேரைச் சுமக்கணும்னு நீங்க உங்க பேரைத் தொலைக்கப் போறீங்களா? தொப்பி சேரலைன்னா யாராச்சும் தலையைச் சீவுவாங்களா?"

"உனக்கு ஒண்ணும் புரியாது. தனாசிஸ்! எப்படி இருக்கு?"

அன்று சாயங்காலமே மகன் வீட்டுக்குப் போய் அறிவித்தார். ஃபோதினி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னடா ஆச்சு அவளுக்கு?"

எந்த்ரி பல்லைக் கடித்தான். "அப்பா, எனக்கு முன்னாடி அவளை நிச்சயம் பண்ணிட்டுக் கைவிட்டுட்டுப் போனானே, அவன் பேரு தனாசிஸ்."

"ஐயய்யோ! சரி, ஸ்பீரோஸ்?"

சுவருக்கும் காது உண்டு. அரை மணி நேரத்தில் பாந்தெலிஸ் போனில் கர்ஜித்தார். "ஸ்பீரோஸா? ஆலிவ் தோப்புக்காக என் மச்சான் ஸ்பீரோஸோட கோர்ட்டுல நிக்கறேன். அவன் பேரை என் பேரனுக்கு வைப்பீங்களா? அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

கெடு முடிய ஒரே நாள் பாக்கி. எந்த்ரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அப்பா, நீங்களும் பாந்தெலிஸ்னே மாத்திக்கோங்க. குழந்தைக்கும் பாந்தெலிஸ். அவர் தன் பேருன்னு நினைச்சுக்கட்டும், நீங்க உங்க பேருன்னு நினைச்சுக்கோங்க. எனக்கு நிம்மதி."

"அந்த ஆள் பேரையா? நானா?"

"இல்லேன்னா பையனை 'பாப்பா'ன்னே காலேஜுக்கு அனுப்பறேன்."

அக்ரோன் இரண்டு கிளாஸ் சிபூரோ சாராயம் குடித்துவிட்டுச் சம்மதித்தார். மறுவாரம் அதிகாரியின் முன்னால் கையை உயர்த்தி, "பாந்தெலிஸ் ஆகிய நான்" என்று பிரமாணம் எடுத்தார். செத்துப்போன அப்பாவிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சமாச்சாரம் கேட்ட பாந்தெலிஸ் சந்தோஷப்படவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"ஊர்ல வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?"

"நீங்கதானே சம்பந்தி வாய் மணக்குதுன்னு சொன்னீங்க!"

ஒரு வழியாகப் பேரன் பிறந்தான். தொல்லையும் கூடவே வளர்ந்தது. ஜூலை மாதம் பாந்தெலிஸ் புனிதர் திருநாள் வந்தது. அன்றைக்கு அந்தப் பெயர் வைத்தவர் வீட்டுக்கு யாரும் யாரையும் அழைக்கத் தேவையில்லை. ஊரே வரும், உட்காரும், தின்னும். வருஷாவருஷம் பாந்தெலிஸ் வீட்டில் கூட்டம் தெருவில் நிற்கும். இந்தத் தடவை மிமோசா கீரை வைத்துச் சுட்ட புரெக் பலகாரத்தின் வாசனை மூன்று தெரு தாண்டிப் போய்விட்டது. வந்த கூட்டம் அப்படியே அக்ரோன் வீட்டுக்குத் திரும்பியது.

"எந்தப் பாந்தெலிஸ் ஆனா என்ன, நல்லா இருங்க!" என்று வாழ்த்திவிட்டு எல்லோரும் தட்டை நீட்டினார்கள்.

அங்கே பாந்தெலிஸ் வெட்டாத கேக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு நேரே இங்கே வந்து வாசலில் நின்றார்.

"என் பேரை எடுத்தே. இப்ப என் திருநாளையும் எடுத்துட்டியா? ஞானஸ்நானத்துக்கு நான் வரமாட்டேன், போ!"

"வராட்டி போய்யா! பேரன் என் பேரன், பேரு என் பேரு!" அக்ரோனும் விடவில்லை.

"நல்ல கூத்து," என்றாள் மிமோசா, பாந்தெலிஸ் கையிலும் ஒரு துண்டு புரெக்கைத் திணித்து.

ஆனாலும் வராமல் இருக்க முடியுமா? ஞானஸ்நானத்தன்று பாந்தெலிஸ்தான் முதல் ஆளாகக் கோயிலில் நின்றார். கிழப் பாதிரியார் குழந்தையைத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். குழந்தை வீல் வீலென்று கத்தியது. ஞானத்தாய் பெயரைச் சொன்னாள்: "பாந்தெலிஸ்!"

கைதட்டல் அடங்குவதற்குள் இரண்டு தாத்தாக்களும் ஒரே சமயத்தில் முன்னால் வந்தார்கள்.

"நன்றி, நன்றி! என் பேரு!" என்றார் அக்ரோன்.

"யார் பேரு? பொறந்ததுலேர்ந்து பாந்தெலிஸ் நான்! நேத்து ஆபீஸ்ல வாங்கிட்டு வந்தவன் நீ!"

"வாங்கினாலும் முறையா வாங்கினேன்யா! பேரனுக்காக அப்பன் வச்ச பேரையே தூக்கிப் போட்டேன். உனக்கு அந்த வலி தெரியுமா?"

பாந்தெலிஸ் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய மனைவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஃபோதினி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, விடுங்கப்பா!" என்று எந்த்ரி இடையில் புகுந்தான்.

கிழப் பாதிரியார் தாடியில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை ஞானத்தாய் கையில் கொடுத்தார்.

"கோயில்ல என்னடா சத்தம்?" என்று பாந்தெலிஸின் தோளில் தட்டினார். "எல்லை தாண்டி வந்த புதுசுல உன்னையும் இதே கோயில்ல முக்கி, பாந்தெலிஸ்னு பேரு வச்சவன் நான்தானே? அதுக்கு முன்னாடி உன் பேரும் அக்ரோன்தானே!"