எழுந்து நின்று எதிர்க்கவும்

என் உடம்பில் உயிர் இருக்கும் வரை அந்தச் சுவரை ஒருவனும் தொட முடியாது. இப்படி ஒரு சபதம் போன மாதம் எடுத்தேன். குளியலறைக்குள் நின்றுதான் எடுத்தேன், குழாயையும் திறந்து விட்டிருந்தேன். இருந்தாலும் சபதம் சபதம்தானே.

எந்தச் சுவர் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கிறதே, அது. அந்தப் பக்கம் என் மனைவி. இந்தப் பக்கம் நான், செய்தித்தாள், ஒரு மின்விசிறி. அவள் கூப்பிடும்போது "காதுல விழல" என்று நான் சொன்னால், அதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சுவர். அது போய்விட்டால் நான் சும்மா இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அடுத்த நிமிஷம் என் கையில் வெங்காயம் இருக்கும்.

அவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர்களைப் பேச்சாலேயே வெளியே வரவழைத்து, "இன்னொண்ணு போடுங்க சிஸ்டர்" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தவள். நான் தண்ணீர் வரி ஆபீஸில் குமாஸ்தா. "நாளைக்கு வாங்க" என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆயுதம் கிடையாது. அதையே வீட்டிலும் எடுத்தேன்.

"ஏங்க, அந்தச் சுவரை இடிச்சிடலாம். சமையல்கட்டுல வெளிச்சமே இல்ல."

"பாக்கலாம்."

"பாக்க முடியலன்னுதான் இடிக்கச் சொல்றேன்."

"இதோ பாரும்மா. நான் கட்சிக்காரன். எங்க கொள்கை என்ன? இருக்கறது இருக்கறபடியே இருக்கணும். நானே என் வீட்டுச் சுவரை இடிச்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரும் சரின்னா?"

"தாராளமா இடி! கிளைக் கூட்டத்துல வை. அவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி."

அவர்களாவது சரி சொல்வதாவது! தெருவிளக்கில் பல்பு மாற்றியதற்கே கண்டனக் கூட்டம் போட்டவர்கள். அவள் "சரிங்க" என்று போய்விட்டாள். அவள் சண்டை போடாமல் போனால் நான் பின்னாலேயே போய் எட்டிப் பார்ப்பேன். அன்றைக்கு ஏனோ செய்தித்தாளை விரித்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கட்சி தேர்தலில் மண்ணைக் கவ்வியது. தலைவர் உடம்பு சரியில்லை என்று ராஜினாமா செய்தார். அடுத்த தலைவர் யார் என்று ஒவ்வொரு கிளையும் ஒரு பெயர் அனுப்ப வேண்டும். போட்டியில் மூன்று பேர். ஒருவர் மீசைக்காரர், எண்பதைத் தொட்டவர். இன்னொருவர் கோட்டுக்காரர், வயது அறுபது, எங்கள் கட்சியில் இளைஞர் அணி. மூன்றாவது வக்கீலம்மா.

எங்கள் கிளையில் பேச்சுக்கு நாங்கள் ஐந்து பேர். தலைமை தாங்குகிறவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மற்றவர்கள் மருந்துக்கடைக்காரர், டயர்கடைக்காரர், தையல்காரர், செயலாளரான நான். கிளை என்றால் ஆறு பேர் வேண்டும் என்று மேலிடம் சொன்னதால், ஆறாவது உறுப்பினராக என் மனைவியைச் சேர்த்திருந்தேன். எதற்கு என்று கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் அவள் கேள்வி கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மீசைக்காரரின் ஆள் ஒருவர் ஆபீஸுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உங்கள் கிளை மீசையை அனுப்பினால், மாவட்டத் துணைச் செயலாளர் பதவி உங்களுக்கு என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு வக்கீலம்மா. டயர்கடைக்காரருக்குக் கோட்டுக்காரர். எப்படிச் சமாளிப்பது?

இங்கேதான் எங்கள் கட்சியின் ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஓட்டுப்பெட்டி கிடையாது. கை தூக்குவதும் கிடையாது. ஒருவர் எழுந்து நின்று முன்மொழிய வேண்டும். எதிர்க்கிறவரும் எழுந்து நின்றுதான் எதிர்க்க வேண்டும். தலைமை தாங்குகிறவர் மூன்று முறை கேட்பார். யாரும் எழவில்லையென்றால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்ப்பவனுக்கு முதுகெலும்பு வேண்டும் என்று கட்சியைத் தொடங்கியவர்கள் வைத்த விதி. தொடங்கும்போது எல்லோரும் வாலிபர்கள். இப்போது முதுகெலும்பு இருக்கிறது, முழங்கால்தான் இல்லை. அதனால் பல வருஷங்களாக எங்கள் கிளையில் எதிர்ப்பே கிடையாது. ஒற்றுமைக்குப் பெயர் போன கிளை.

மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் ஆபத்து. தினமும் நடைப்பயிற்சி போகிறவர். பந்து மாதிரி எழுந்துவிடுவார். அவரை உட்கார்ந்த இடத்திலேயே வைத்திருக்க வழி தெரியாமல் தவித்தேன். சாப்பிடும்போது மனைவியிடம் திட்டம் முழுவதையும் சொன்னேன். பாராட்ட ஆள் இல்லாவிட்டால் அப்புறம் என்ன சூழ்ச்சி?

"அவ்வளவுதானே?" என்றாள். "என் தம்பி லாட்ஜ்ல ஒரு பெரிய சோபா இருக்கு. ஸ்பிரிங் எல்லாம் போயிடுச்சு. உக்காந்தவங்களைத் தூக்கி விடவே தனியா ஒரு ஆள் வச்சிருந்தான். கட்டுப்படியாகலன்னு ஓரமா தூக்கிப் போட்டுட்டான். கொண்டுவரச் சொல்லட்டுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் அரசியலுக்குச் செய்த முதல் உதவி. மறுநாளே மச்சான் சோபாவை இறக்கினான். நான் சோதித்துப் பார்த்தேன். உட்கார்ந்ததும் முழங்கால் முகத்துக்கு நேராக வந்து நலம் விசாரித்தது. என் மனைவிதான் கை கொடுத்துத் தூக்கி விட்டாள். "பிரமாதம்!" என்றேன். வீட்டு நாற்காலிகளை எல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, எனக்கு மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் வந்தார்கள். ஒவ்வொருவராகச் சோபாவுக்குள் இறங்கினார்கள். ஓரத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம் மிச்சம் இருந்தது. நான் என் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லோரையும் மேலிருந்து பார்ப்பதே ஒரு தனி சுகம்.

விவாதம் ஆரம்பித்தது.

"மீசைக்காரர் முப்பது வருஷமா ஒரே பேச்சைத்தான் பேசறாரு" என்றார் டயர்கடைக்காரர்.

"அதுதான்யா தகுதி!" என்றார் ஹெட்மாஸ்டர். "வார்த்தை மாறாத மனுஷன்."

"பக்கத்தைக்கூட மாத்தறதில்லையே! போன கூட்டத்துல படிச்ச பக்கத்தையே ரெண்டு தடவை படிச்சாரு."

"ரெண்டு தடவையும் நீங்க கை தட்டினீங்களே?"

"முதல் தடவை தூக்கத்துல தட்டினேன்."

"கோட்டுக்காரரைப் போட்டா கட்சி வளரும்" என்றார் டயர்கடைக்காரர் மறுபடியும்.

"வளர்றதா? வளர்ச்சி மாற்றம் இல்லையா? கொள்கை என்ன ஆகறது?"

"அந்தக் கோட்டுக்குத் தோள்பட்டை சரியா விழல" என்றார் தையல்காரர். "சொந்தத் தோளையே தாங்கத் தெரியாதவரு கட்சியை எப்படித் தாங்குவாரு?"

"வக்கீலம்மாதான் சரி" என்றார் மருந்துக்கடைக்காரர். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றாங்க."

"அந்தப் பழக்கம் நம்ம கட்சிக்கு ஆகாது" என்று ஹெட்மாஸ்டர் கையை அசைத்தார்.

பழம் நழுவிப் பாலில் விழும் நேரம். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். "பெரியோர்களே..." என்று வாயைத் திறந்ததும் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அந்த நாற்காலியை ஒரு நிமிஷம் குடுங்களேன். கப்பு மேல் தட்டுல இருக்கு, எட்டல."

விருந்தாளிகளுக்கு டீ. மறுக்க முடியுமா? நாற்காலியைக் கொடுத்தேன். நின்றுகொண்டே பேசியிருக்கலாம். புத்தி எங்கே போயிற்று? டயர்கடைக்காரர், "நிக்காதீங்க செயலாளரே, வாங்க, இடம் இருக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் போய் விழுந்தேன். முழங்கால் மறுபடியும் நலம் விசாரித்தது.

மனைவி டீத்தட்டோடு வந்தாள். ஆளுக்கொரு கப்பு கொடுப்பாள் என்று பார்த்தால், ததும்பத் ததும்ப இருந்த கப்புகளோடு தட்டை அப்படியே என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. ஆடாதீங்க, கொதிக்குது."

பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். அந்த அறையில் நின்றுகொண்டிருந்தது அவள் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஹெட்மாஸ்டர் அண்ணே, நானும் உறுப்பினர்தானே?"

"ஆமாம்மா. செயலாளரே சேர்த்தது."

"அப்போ நான் வக்கீலம்மாவை முன்மொழியறேன்."

மருந்துக்கடைக்காரர் கை தட்டினார். "எதிர்ப்பவர் யாராவது?" என்று ஹெட்மாஸ்டர் மூன்று முறை கேட்டார். டயர்கடைக்காரர் முக்கினார். நான் முனகினேன். ஹெட்மாஸ்டரே மீசைக்காரர் பக்கம், பாவம், அவரும் ஒருமுறை உந்திப் பார்த்துவிட்டு வியர்த்துப்போனார்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார், மூச்சு வாங்க. என் துணைச் செயலாளர் பதவி டீயோடு டீயாக ஆறிப்போனது. போகட்டும், பதவி இன்று வரும் நாளை போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த தீர்மானம். இந்தச் சுவரை இடிக்கணும். கிளையில வைக்கச் சொல்லி இவரே சொன்னாரு. ஏங்க, சொன்னீங்கதானே?"

"எதிர்க்கிறேன்!" என்று கத்தினேன்.

"எழுந்து நின்னு சொல்லுங்க செயலாளரே" என்றார் ஹெட்மாஸ்டர். விதி என்று வந்துவிட்டால் அவருக்கு நண்பன் பகைவன் கிடையாது.

தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையை டயர்கடைக்காரர் தொடையில் ஊன்றி எழுந்தேன். அவர் "ஐயோ" என்றார். பாதி எழுந்துவிட்டேன். டீ என் பக்கம் சாய்ந்தது. நானும் "ஐயோ" என்று பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தேன்.

"பாதி எழுந்தாரே, பாதி எதிர்ப்பா எடுத்துக்கலாமா?" என்றார் தையல்காரர்.

"பாதிக்கு விதியில இடமில்ல."

"ஆனா தங்கச்சி, சுவரை இடிக்கறது மாற்றமாச்சே. நம்ம கொள்கைக்கே விரோதம்" என்று தையல்காரர் விரலை உயர்த்தினார். அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"மாற்றமா? அண்ணே, இவங்க அப்பா கட்டும்போது இங்க சுவரே கிடையாது. கல்யாணம் ஆனப்புறம் இவர்தான் நடுவுல எழுப்பினாரு. நான் முன்னாடி இருந்தபடிதான் ஆக்கறேன்."

நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கட்சித் துரோகியைப் பார்க்கிற பார்வை.

"செயலாளரே," என்றார் ஹெட்மாஸ்டர், "நீங்களா மாற்றம் பண்ணீங்க?"

தட்டைப் பார்த்தேன். அவர் மூன்று முறை கேட்டார். இந்தத் தடவை யாரும் முக்கக்கூட இல்லை. நிறைவேறியது.

அதற்கென்றே காத்திருந்ததுபோல் வாசலில் செருப்புச் சத்தம். சுத்தியும் கடப்பாரையுமாக ஒரு கொத்தனார் உள்ளே வந்தார். அம்மா காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்களாம், கூட்டம் முடியட்டும் என்று வெளியே உட்கார்ந்திருந்தாராம். என் மனைவி சுவரோரப் பாத்திரங்களை ஒதுக்கச் சமையலறைக்குள் போய்விட்டாள். கொத்தனார் சோபாவுக்குள் புதைந்து கிடந்த எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு யாரைக் கேக்கணும்? இங்க யாருங்க தலைவர்?"

சோபாவிலிருந்து ஐந்து கைகள் சமையலறையைக் காட்டின. முதலில் உயர்ந்த கை என்னுடையது.