மாசிலாமணிப் புலியும் நடுவில் இருந்த பட்டனும்

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கும் பக்கமாக, மாசிலாமணி என்றொரு புலி குடியிருந்தான். கல்யாணத்தில் மாமனார் வீட்டுச் சீராக அவனுக்கு ஐந்து ஸ்பீக்கர் வந்தது. குகையில் ஒன்று, குளத்தங்கரையில் ஒன்று, மூங்கில் புதரில் ஒன்று, உப்புப் பாறையில் ஒன்று, மான்கள் போய் வரும் பாதையில் ஒன்று என்று மாட்டி வைத்தான். நாம் ஹாலுக்கும் சமையலறைக்கும் வைப்பதில்லையா? புலிக்குக் காடுதான் வீடு. ஐந்துக்கும் சேர்த்துப் போனில் ஒரே ஆப். அதை எழுதியவன் கிஷோர் என்ற குரங்கு. காட்டில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் அதே ஆப்தான்.

நல்ல ஆப் என்றுதான் சொல்ல வேண்டும். திறந்தால் நடுவில் பெரிதாக ஒரு பட்டன். அமுக்கினால் பாட்டு, மறுபடி அமுக்கினால் அமைதி. மாசிலாமணி நாள் முழுக்கத் தவில் கேட்பான். நாலு மணிக்குப் பட்டனை அமுக்கிவிட்டு வேட்டைக்குக் கிளம்புவான். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை, அவனிடம் மாட்டியவர்களைத் தவிர.

நன்றாக இருப்பதை நன்றாக இருக்க விட்டால் கிஷோருக்குத் தூக்கம் வராது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆப் தானாகவே மாறிவிட்டது. நடுப் பட்டனைக் காணோம். அங்கே ஒரு சூரிய அஸ்தமனப் படம். அதன் கீழே, ‘வணக்கம், இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு ஐந்து முகங்கள். வால்யூம் மூன்று புள்ளிக்குள் போய், ‘என் ஒலி உலகம்’ என்ற இடத்தில் ஒளிந்துகொண்டது. பாட்டை எங்கே நிறுத்துவது என்று யாருக்குமே தெரியவில்லை. போதாததற்குப் புது வசதி வேறு: போனோடு நீங்கள் எங்கே போனாலும், பக்கத்தில் உள்ள உங்கள் ஸ்பீக்கர் விழித்துக்கொண்டு உங்கள் பாட்டைப் பாடும்.

மாசிலாமணி நாலு மணிக்குக் குளத்தங்கரைப் புல்லில் பதுங்கினான். தலைக்கு மேல் தவில் வெளுத்து வாங்கியது. தண்ணீர் குடிக்க வந்த மான்கள் எடுத்தன ஓட்டம். மூங்கில் புதரிலும் அதே கதை. ஸ்பீக்கரை உடைத்துப் போடலாம் என்றால், மாமனார் வீட்டுச் சீர். மனைவி முகத்தில் விழிக்க வேண்டுமே. போனைக் குகையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் வைத்துவிட்டுப் போவீர்களா? பாவம், அத்திப்பழம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டான்.

குளத்தங்கரை வளையில் பூரணி என்ற முயல் இருந்தாள். எட்டுக் குட்டி பெற்றவள், இப்போது வீட்டில் ஆறு. தினமும் இருட்டுவதற்குள் நாலு முறை எண்ணுவாள். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு எண்ணிக்கை குறையவே இல்லை. தவில் கேட்டால் உள்ளே ஓடு, கேட்காவிட்டால் மேய். ஒரே நாளில் குட்டிகளுக்குப் பாடமாகிவிட்டது. பெற்றதிலிருந்து முதல் தடவையாக அவற்றைத் தனியாக வெளியே விட்டாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

காட்டில் மற்றவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். உப்புப் பாறையில் கூட்டம் கூடியது. முதலில் பேசியது மரகதம் என்ற மான்.

“காலையில பக்திப் பாட்டு போடலாம்னு திறந்தா, மனசு எப்படி இருக்குன்னு கேக்குது. கை தவறி அழுமூஞ்சியைத் தொட்டுட்டேன். அன்னையிலேருந்து வீட்டுல ஒப்பாரியாவே வருது. பழைய பட்டனை வைக்கச் சொல்லி மனு கொடுக்கணும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். பூரணி முன்னால் வந்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம். இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் நம்மள்ல யாராவது செத்தாங்களா?”

எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை.

“அவர் வர்றப்ப தவில் அடிக்குது, நாம ஓடிடறோம். பழைய பட்டன் நமக்கு வந்தா அவருக்கும் வரும்.”

மரகதம் கொஞ்ச நேரம் யோசித்தாள். “நீ சொல்றது புரியுது பூரணி. ஆனா நடுவுல இருந்த பட்டனை எதுக்கு எடுக்கணும்?”

“அதானே,” என்றது கூட்டம்.

“உயிர் போயிடும்கா.”

“உயிர் வேற விஷயம்மா. நாம இப்ப ஆப்பைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.”

மனு தயாரானது. கையெழுத்துப் போட மாசிலாமணியும் வந்தான். பாறை மேல் தவில் முழங்கியதும் கூட்டம் பறந்துவிட்டது. அவன் மனுவில் நகத்தைப் பதித்து, “ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும்,” என்று புதர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

பூரணி மூச்சிரைக்க கிஷோரின் மரத்தடிக்கு ஓடினாள். “தம்பி, புதுசுதான் நல்லாயிருக்கு. மாத்திடாதீங்க.”

கிஷோருக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க ஒருத்தராவது சொன்னீங்களே. ஆனா ஒத்த ஆளுக்காக வெச்சிருக்க முடியாதுங்க. எல்லாரும் ஒத்தை ஸ்டார் போட்டுட்டாங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை பழைய ஆப் அப்படியே திரும்பி வந்தது. பூரணி குட்டிகளை உள்ளே தள்ளி வளை வாயை மண்ணால் அடைத்தாள். உள்ளே இருட்டில் அவை அழுதது அவளுக்குத் தாங்கவில்லை.

நாலு மணிக்கு மரகதம் குளத்தங்கரையில் நின்று பட்டனை அமுக்கினாள். பாட்டு. மறுபடி அமுக்கினாள். அமைதி. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தாள், அலுக்கவே இல்லை. பின்னால் புல் அசைந்தது. திரும்பினாள்.

“உங்களுக்கும் வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

“வந்துடுச்சும்மா,” என்றான் மாசிலாமணி.

“அதே இடத்துலயா?”

“அதே இடம். நடுவுல.”

“அப்பாடா,” என்றாள் மரகதம். அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மறுநாள் அவள் நாத்தனார் போனாள். அப்புறம் இரண்டு காட்டுப்பன்றிகள், ஒரு கடமான், மனுவுக்கு வாசகம் எழுதிக் கொடுத்த முள்ளம்பன்றி, இன்னும் ஐந்து பேர். ஒரு வாரம் கழித்து கிஷோர் கணக்கெடுக்க உட்கார்ந்தான். புதுத் தோற்றம் இருந்த பத்து நாளில் ஒரு பயனாளர்கூட விலகவில்லை. பழைய பட்டனைத் திருப்பிக் கொடுத்த ஒரே வாரத்தில் பதினொரு பேரைக் காணவில்லை.

“நான் அப்பவே சொன்னேன்,” என்று தன் வாலைத் தானே தட்டிக்கொடுத்துவிட்டு, அன்றைக்கே சூரிய அஸ்தமனத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். குளத்தங்கரையில் தவில் கேட்டது. பூரணி அது ஓயும்வரை காத்திருந்து, வளை வாயில் அடைத்த மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள்.

நீதி: வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தால் வாடிக்கையாளர் குறைந்துவிடுவார்கள்.