நல்லம்மாளுக்கு நியூயார்க் விருந்து

சாப்பாட்டுத் துறையில் மனித குலம் தொட்ட சிகரம் 1873ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தொடப்பட்டது. அதே சிகரத்தைச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நாங்களும் தொட்டோம். இரண்டு நாற்பத்தொன்றுக்கு நான் அடைப்பானைப் பிடுங்கினேன்.

வேண்டுமென்று பிடுங்கவில்லை. தலைமை மேசையின் மேல் இருந்த ஏரியிலிருந்து 'உஸ்' என்று காற்று போகும் சத்தம் கேட்டது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அதைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு எனக்கு இருந்தது. காற்று அடைப்பானை அழுத்தப் போய், தண்ணீர் அடைப்பானை இழுத்துவிட்டேன். இரண்டும் ஒரே நீலம். அடுத்த கணம் ஏரி, அதில் வசித்த இரண்டு வாத்துகள் சகிதம், தலைமை விருந்தினரான, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரின் மடிக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அவர் பேசியதை ஆண்டறிக்கையில் 'டத்தோ நெகிழ்ந்து உரையாற்றினார்' என்று பதிவு செய்திருக்கிறேன்.

விருந்தில் ஏரி எதற்கு என்று கேட்பவர்கள் வரலாறு படிக்காதவர்கள். அந்த 1873இல் ஒரு நியூயார்க் செல்வந்தர் எழுபதுக்கும் மேற்பட்ட விருந்தினருக்கு ஒரே மேசை போட்டார். மேசை நடுவே முப்பது அடி நீளத்துக்கு ஏரி வெட்டினார். ஏரியில் ஒரு பூங்காவிலிருந்து இரவல் வாங்கிய உயிருள்ள அன்னங்கள் நீந்தின. அவை பறந்து வந்து சூப்பில் இறங்காதபடி சுற்றிலும் தங்கக் கம்பிவலை. விருந்தின் நடுவே அன்னங்கள் சண்டை போட்டுக்கொண்டன. கனவான்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இதற்குப் பெயர்தான் பண்பாடு.

அந்தக் காலத்து அமெரிக்கச் சீமான்கள் ஒரே அமர்வில் பன்னிரண்டு, பதினான்கு வகைகளை வரிசையாகச் சாப்பிட்டார்கள். சிப்பியில் தொடங்கி, ஆமை சூப், மீன், இறைச்சி, காட்டு வாத்து என்று போகும். நடுவழியில் வயிறு களைத்தால் அதற்குத் தெம்பூட்ட 'ரோமன் பஞ்ச்' என்ற மதுப் பனிக்கூழ். பட்டியல் முழுவதும் பிரெஞ்சில் இருக்கும். என்ன சாப்பிடுகிறோம் என்று சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் இருப்பது உயர்தரத்தின் முதல் அடையாளம். இதையெல்லாம் நான் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் படித்தேன். உள்ளே சாப்பிடக் கூடாது என்ற அறிவிப்பின் கீழ், கையில் ஒரு கறிபாப்புடன்.

எங்கள் சங்கம் கிள்ளானில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை இருபத்தெட்டு வருடம் நடத்திய நல்லம்மாள் ஆன்டி, முட்டிவலி காரணமாக ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அவருக்கு ஒரு பாராட்டு விருந்து என்று முடிவாயிற்று. நான்காம் வகுப்பில் நான் முப்பத்தொரு கிலோ. இன்று நூற்று நான்கு. கட்டடம் என்னுடையது என்றாலும் அஸ்திவாரம் அந்தக் கேன்டின் போட்டது. ஆகவே உலகத்திலேயே பெரிய விருந்தை அவருக்கு வைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த நல்லெண்ணமே காரணம்.

செயற்குழுக் கூட்டத்தில் பொருளாளர் உர்சுலா, பள்ளி வளாகத்திலேயே வாழையிலை போட்டுச் சாப்பாடு வைக்கலாம் என்றார். அவர் ஆசிரியை. எளிமையாக யோசிப்பது அவருடைய பலவீனம். நான் எழுந்து ஏரியைப் பற்றிச் சொன்னேன். தலைவர் பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் காப்புறுதி நிறுவனத்தில் மேலாளராக இருந்தவர். கண்ணாடி துடைத்தால் அவர் வரலாற்றை நினைக்கிறார் என்று அர்த்தம்.

"வாழையிலை எல்லாரும் போடறாங்க லா," என்றார். "நம்ம சங்கத்துக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட் வேணாமா?"

"அந்த ஆன்டிக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார் உர்சுலா.

இது மிக நுட்பமான கேள்வி என்பதால் அதை ஆராய ஒரு நபர் துணைக்குழு அமைக்கப்பட்டது. அந்த நபர் நான்.

துணைக்குழு மறுநாளே கிள்ளானுக்குப் புறப்பட்டது. இடைவேளை நேரம். நல்லம்மாள் ஆன்டி இடது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் நூறு பிள்ளைகளுக்கு மீ ஹூன் சேமியா அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என்ன மாதிரி விருந்து வேண்டும் என்று கேட்டேன். எதுவானாலும் சரி என்றார். மறுபடி கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றார். மூன்றாம் முறை கேட்டபோது கரண்டி நின்றது.

"உக்காந்து சாப்பிடறதுதானே, சுகு?"

"ஆமா ஆன்டி. தலைமை மேசையில."

"அப்பன்னா சரி. இங்க மணி அடிச்சா நிக்கத்தானே முடியும். ஒரு நாளாச்சும் உங்கள மாதிரி நாலு பேரோட உக்காந்து சாப்பிடணும்னு இருந்துச்சு." கொஞ்சம் வெட்கப்பட்டார். "மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல ஒரு புடவை பாத்து வச்சிருக்கேன். எடுத்துடறேன்."

துணைக்குழுவின் அறிக்கை ஒரே வரி: 'சம்பந்தப்பட்டவருக்கு ஆட்சேபணை இல்லை.'

ஏற்பாடுகள் தொடங்கின. அன்னம் கிடைக்கவில்லை. டெங்கிலில் செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் பெருவாத்து வளர்க்கும் லோகன் இரண்டு வெள்ளை வாத்துகளைத் தர ஒப்புக்கொண்டார். இரண்டும் ஆண், சேர்த்து வைத்தால் சண்டை போடும் boss என்று எச்சரித்தார். வரலாற்றுக்கு அவ்வளவு நெருக்கமாகப் போவோம் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஏரிக்குக் குழந்தைகள் குளிக்கும், காற்றடைத்த ரப்பர் தொட்டி. அதன் உட்புறத்தில் சிரிக்கும் டால்பின் படம் இருந்ததை ரோஜா இதழ் தூவி மறைத்தோம். தங்கக் கம்பிவலைக்குப் பதில் பூக்கடையில் மீந்த ஜிகினாச் சரம்.

சமைக்கப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கெல்வின் என்ற இளம் செஃப் வந்தார். அவர் சமையலைக் கரண்டியால் செய்வதில்லை, இடுக்கியால் செய்வார். சிப்பிக்கு லாலா மட்டி, ஆமைக்கு ஆட்டுக்கால், மதுப் பனிக்கூழுக்கு ரோஜாப்பாலில் செய்த சிராப் பண்டோங் ஐஸ் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டை உள்ளூர் பாசாருக்குத் தக்கபடி திருத்தி அமைத்தோம். பட்டியலைக் கைப்பேசி பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுத்தது. பெரிய மனிதர்களின் பெயரைப் பண்டங்களுக்குச் சூட்டுவது அந்தக் கால மரபு என்பதால் ஆட்டுக்கால் சூப்புக்குக் 'கான்ஸொமே ஆ லா நல்லம்மாள்' என்று பெயரிட்டோம்.

இங்கே ஒரு சிறு இடநெருக்கடி ஏற்பட்டது. ஏரி தலைமை மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. மிச்சம் ஏழு நாற்காலி. டத்தோ, அவர் மனைவி, அவருடைய சிறப்பு அதிகாரி, தலைவர், தலைவரின் மனைவி, சங்க ஆலோசகர். ஏழாவது நாற்காலியில் நல்லம்மாள். கடைசி வாரத்தில் டத்தோ தம் மைத்துனரும் வருவார் என்று சொல்லி அனுப்பினார். நல்லம்மாளை இரண்டாம் மேசைக்கு மாற்றினோம். பிறகு ஐந்துக்கு. பிறகு, அவருக்குப் பழகிய சூழல் வேண்டும் என்ற கருணையினால், சமையலறைக் கதவை ஒட்டிய ஒன்பதாம் மேசைக்கு. விருந்தின் நாயகிக்கு நாற்காலி தருவது சாதாரணச் சங்கங்களின் வழக்கம். சூப்பு தருவது எங்கள் வழக்கம்.

மண்டபத்தில் மாலை ஆறு மணிக்கு வேறொரு கல்யாண வரவேற்பு இருந்ததால் எங்கள் 'இரவு விருந்து' பகல் பன்னிரண்டுக்கு வைக்கப்பட்டது. நல்லம்மாள் ஆன்டி காலை எட்டுக்கே வந்துவிட்டார். மாம்பழ மஞ்சளில் புதுப்புடவை. தலையில் பூ. இருபத்தெட்டு வருடப் பழக்கம், சாப்பாடு என்றால் அவருக்கு நாலு மணி நேரம் முன்னால் வரத்தான் தெரியும். அதே சமயம் கெல்வினின் உதவியாளர்கள் வந்த வேன் ஃபெடரல் நெடுஞ்சாலையில் படுத்துவிட்டது. கெல்வின் கையில் இடுக்கியுடன், இருபது கிலோ வெங்காயத்தின் முன்னால் அழுகிற நிலையில் நின்றார். உரிக்காத வெங்காயம் அது.

"அஞ்சு நிமிஷம்தான் ஆன்டி," என்று அவரை உள்ளே அழைத்துப்போனது யார் என்று ஆண்டறிக்கையில் இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். நான்தான்.

விருந்தினர் பன்னிரண்டு மணி அழைப்புக்கு ஒரு மணிக்கு வந்தார்கள். டத்தோ ஒன்று ஐம்பதுக்கு வந்தார். அவர் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டை விடப் பழைய விதி. பிறகு பரிமாறல் ஆரம்பமாயிற்று. பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் இரண்டு லாலா. எடுத்துப் போனார்கள். அடுத்த தட்டில் ஒரு மடக்கு சூப்பு. எடுத்துப் போனார்கள். அடுத்ததில் மீன் இருந்ததாகக் கெல்வின் பின்னர் விளக்கினார். வாத்துகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. நான் பெருமையுடன் தலைவரைப் பார்த்தேன்.

ஐந்தாம் வகை நுரையாக வந்தபோது ஏழாம் மேசை பொறுமையிழந்தது. சோறு எப்போது வரும் என்று ஒருவர் கேட்டார். கேள்வி மேசை மேசையாகப் பரவியது. பட்டியலில் பதினான்கு பெயர்கள் இருந்தன, ஒன்றுகூடச் சோறு இல்லை. ஏரியில் அன்னம் இருந்தது, தட்டில் அன்னம் இல்லை. தலைவர் என் காதில் ஏதாவது செய் என்றார். நான் சமையலறைக்கு ஓடினேன். அங்கே மூன்று பெரிய பானைகளில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"கூட்டத்தைப் பாத்தேன் சுகு," என்றார் நல்லம்மாள் ஆன்டி, திரும்பாமலே. "இந்த நுரையைத் தின்னுட்டு இவங்க எந்திரிக்க மாட்டாங்க. ரசம் வச்சிருக்கேன். நெத்திலி சம்பல் கிண்டறேன். நீ போ, போய் உக்காரு."

நான் போய் உட்கார்ந்தேன்.

டத்தோ மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் ஆறாம் வகைக்கும் ஏழாம் வகைக்கும் இடையே பாராட்டு நடத்தப்பட்டது. ஒலிபெருக்கியில் நல்லம்மாளின் பெயரை இரண்டு முறை அழைத்தார்கள். உலை பொங்கும் நேரம், வர முடியாது என்று உள்ளேயிருந்து தகவல் வந்தது. டத்தோவின் கையில் பொன்னாடை விரிந்துவிட்டது. விரிந்த பொன்னாடையை மடிப்பது அபசகுனம் என்று ஆலோசகர் கருத்துத் தெரிவித்தார். ஆகவே நல்லம்மாளின் சார்பில் தலைவர் பரமேஸ்வரன் பொன்னாடையை ஏற்றுக்கொண்டார். அவர் கண் கலங்கியது. அப்போதுதான் அந்த 'உஸ்' சத்தம்.

டத்தோ ஈரமாகப் புறப்பட்டுப் போனார். ஒரு வாத்து கல்யாண வீட்டாரின் அலங்கார வளைவில் ஏறி நின்றது. மிச்சமிருந்த எட்டு வகைகள் ரத்து செய்யப்பட்டன. அந்தக் குழப்பத்தில் சமையலறைக் கதவு திறந்து சோறு வந்தது. நூற்றிருபது பேர் குனிந்து சாப்பிட்டார்கள். நான் மூன்று முறை வாங்கினேன். மூன்று பானையும் காலி. கடைசிப் பானையில் ஒட்டியிருந்ததை ஏழாம் மேசைக்காரர்கள் நெகிழிப் பையில் தாபாவ் கட்டிக்கொண்டார்கள். நுரையைக் கட்டிக்கொள்ள யாரும் கேட்கவில்லை.

நியூயார்க்கில் இப்படிப்பட்ட விருந்துகள் மறுநாள் பத்திரிகையில் வந்தன. யார் வந்தார்கள், எந்தச் சீமாட்டி என்ன நகை போட்டிருந்தார், எத்தனை வகை என்பதெல்லாம் இருக்கின்றன. உள்ளே பாத்திரம் கழுவியவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பது மட்டும் நான் படித்த எதிலும் இல்லை. முக்கியமாக இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள்.

ஆண்டறிக்கைக்காக நானும் ஒரு கருத்துப்படிவம் தயாரித்திருந்தேன். விருந்து எப்படி என்று எல்லாரிடமும் கேட்டேன். டத்தோவின் அதிகாரி கைப்பேசியில் ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அது மேல்நோக்கி இருந்ததால் 'மிகச் சிறப்பு' என்று குறித்தேன். தலைவர், பொன்னாடையைக் கழற்றாமலே, உலகத்தரம் என்றார். கெல்வின், கான்செப்ட் ஓகே, மக்கள்தான் இன்னும் தயாராகவில்லை என்றார். ஏழாம் மேசையினர், பரவாயில்லை லா, அடுத்த தடவை சோற்றை முதலில் போடுங்கள் என்றார்கள். உர்சுலா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள போய்க் கேளு," என்றார்.

உள்ளே நல்லம்மாள் ஆன்டி ஒரு காலை மடக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, நின்றபடி பானை தேய்த்துக்கொண்டிருந்தார். புடவையின் முன்பக்கம் முழுவதும் ரசம். கெல்வின் கிளம்பிவிட்டிருந்தார். நான் படிவத்தை விரித்தேன். விருந்தின் தரம் எப்படி என்றேன். நல்லா இருந்துச்சுப்பா என்றார். ஏற்பாடுகள்? நல்லா இருந்துச்சு, கூட்டம் வந்துச்சே. தங்கள் பெயரில் அமைந்த சூப்பு?

"அதுவா? உப்பு தூக்கலா இருந்துச்சு. நான்தான் தண்ணி ஊத்தினேன்."

மூன்றாம் கட்டத்தில் 'நாயகி பங்களித்தார்' என்று எழுதினேன். படிவம் நிறைந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைத் தள்ளும்போது, எல்லாரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டேன்.

"அப்புறம் ஆன்டி, சாப்டாச்சா?"

இது கேள்வி அல்ல. நம்மவர்களின் வணக்கம். வங்கியில் கேட்போம், மருத்துவமனையில் கேட்போம், சாவு வீட்டு வாசலில்கூடக் கேட்போம். 'ஆச்சு' என்பதே பதில். கேட்டவர் அதற்காக நிற்பதும் இல்லை. நான் பாதி வெளியே போய்விட்டிருந்தேன்.

பானை தேய்க்கும் சத்தம் நின்றது.

"இல்ல," என்றார் நல்லம்மாள் ஆன்டி. "எனக்கு யாரும் போடல, சுகு."